எண்ணாயிரத்து எழுநூற்றறுபது மணி நேரம்: அலுவலகக் கட்டடங்களின் ஆற்றலைக் கணிக்கும் மென்பொருள்களின் கதை

1973 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. கலிபோர்னியாவின் பெர்க்லி மலைச்சரிவில் உள்ள ஆய்வகத்தில் துகள் இயற்பியலாளர் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் வீட்டுக்குப் புறப்படுமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தார். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை முந்தைய மாதம்தான் தொடங்கியிருந்தது. பெட்ரோல் நிலையங்களில் கார்கள் வரிசை கட்டி நின்றன. தம் தளத்திலுள்ள 20 அலுவலக அறைகளின் விளக்குகளும் வழக்கம்போல வார இறுதி முழுவதும் எரிந்தால் எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்பதே கணக்கு. ஏறத்தாழ 100 காலன் என்று விடை வந்தது. அறை அறையாகச் சென்று விளக்குகளை அணைக்க முற்பட்டார். சுவிட்சுகளைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. சில கோப்பு அலமாரிகளுக்குப் பின்னும், சில புத்தக அடுக்குகளுக்குப் பின்னும், சில சுவரொட்டிகளுக்கு அடியிலும் மறைந்து கிடந்தன. விளக்கை அணைக்க வேண்டிய தேவையே எழாத காலத்தில் கட்டப்பட்ட கட்டடம் அது.

என்ரிகோ ஃபெர்மியின் கடைசி ஆய்வு மாணவரான ரோசன்ஃபெல்ட் அதன்பின் துகள் இயற்பியலைக் கைவிட்டு ஆற்றல் சேமிப்பின் பக்கம் வந்தார். வந்தவுடன் எதிர்ப்பட்ட முதற்கேள்வி எளிமையாகத் தோன்றுவது: இன்னும் கட்டப்படாத ஓர் அலுவலகம் ஓராண்டில் எவ்வளவு ஆற்றலை உண்ணும்?

அக்காலத்துப் பொறியாளர்களிடம் இதற்குச் சரியான விடை இல்லை. அவர்கள் கணித்துவந்தது ஆண்டின் மிக வெப்பமான மணி நேரத்தை மட்டுமே. அந்த ஒரு மணி நேரத்தைச் சமாளிக்கும் அளவுக்குக் குளிர்சாதனப் பொறியை வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆண்டு முழுவதற்குமான செலவை அந்த ஓர் எண்ணிலிருந்து பெற இயலாது. செங்கல் சுவர் நண்பகல் வெயிலை வாங்கி மாலையில் உள்ளே விடுகிறது. கண்ணாடி உடனே விடுகிறது. மனிதர்களும் விளக்குகளும் ஓயாமல் வெப்பம் உமிழ்கின்றனர். ஒரு மணி நேரத்தின் நிலை முந்தைய பல மணி நேரங்களின் நினைவைச் சுமந்து வருகிறது. எனவே ஆண்டின் 8,760 மணி நேரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து கணக்கிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கட்டடத்தை எண்களால் மீண்டும் கட்டி, அதில் ஓராண்டை ஓடவிடும் இம்முறைக்குப் பெயர் ஒப்புருவாக்கம். பொறியாளர்கள் சிமுலேஷன் என்று வழங்குவது.

வேர்கள்

இதற்கான கணிதம் எண்ணெய்த் தடைக்கு முன்பே பிறந்துவிட்டது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டீபன்சன், மிட்டாலாஸ் என்னும் இருவர் 1967-இல் ஒரு வழியைக் கண்டனர். சுவர் ஒன்றின் மீது ஒரு கணம் வெப்பத்தைச் செலுத்தினால், அது எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு விகிதத்தில் மறுபுறம் வெளிப்படும் என்பதைச் சில கெழுக்களாக முன்னரே எழுதி வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அக்காலக் கணினியின் குறுகிய நினைவகத்துக்கு இது பெரிய வரம்.

அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தில் பணியாற்றிய தமாமி குசுடா 1960-களில் ஆராய்ந்தது அலுவலகங்களை அல்ல, அணுகுண்டுப் பதுங்கறைகளை. மண்ணுக்கடியில் நெருக்கியடித்துக்கொண்டு மனிதர்கள் தங்கினால் அறை எவ்வளவு சூடேறும் என்று கேட்ட அரசுக்கு அவர் கணினியால் விடை தேடினார். அந்த அனுபவம் பின்னாளில் கட்டடங்களுக்கான அவருடைய நிரலாக விரிந்து 1976-இல் வெளிவந்தது. இதற்கிடையே அமெரிக்க அஞ்சல் துறை தன் கட்டடங்களின் ஆற்றல் செலவை அறிய ஒரு நிரலை எழுதச் செய்தது. அது 1971-இல் ஆவணமாக வெளியாயிற்று. இன்று உலகெங்கும் பயன்படும் மென்பொருள்களின் பரம்பரையில் ஒரு கிளை அந்த அஞ்சலகங்களிலிருந்தே கிளைத்தது.

ஒரே அரசின் இரு மொழிகள்

எண்ணெய் நெருக்கடி இந்தத் தனித்தனி முயற்சிகளுக்குப் பணமும் அவசரமும் தந்தது. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசு ஒன்றல்ல, இரண்டு பெரிய மென்பொருள்களை வளர்க்கத் தொடங்கியது. ஆற்றல் துறையின் ஆதரவில் பெர்க்லி ஆய்வகம் உருவாக்கியது டிஓஇ-2. பாதுகாப்புத் துறையின் ஆதரவில் இலினாய் மாநிலத்தின் சாம்பெய்ன் நகரிலுள்ள தரைப்படைக் கட்டுமான ஆய்வகம் 1977 இறுதியில் வெளியிட்டது பிளாஸ்ட்.

இரண்டும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு வழியில் விடை கண்டன. டிஓஇ-2, கனடியர் வகுத்த எடைக்காரணி முறையைப் பின்பற்றியது. அறை மாறாத வெப்பநிலையில் இருப்பதாக முதலில் கொண்டு, வெப்பச் சுமையைக் கணித்து, பின்னர் அதைத் திருத்திக்கொள்ளும். வேகம் மிகுந்த முறை இது. ஆயினும் அறையின் இயல்பு ஆண்டு முழுவதும் மாறாது என்று கொள்ள வேண்டும். பிளாஸ்ட் பின்பற்றியது வெப்பச் சமநிலை முறை. சுவர், தரை, கூரை, கண்ணாடி என ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு சமன்பாடு எழுதி, அவற்றை அறைக் காற்றோடு சேர்த்து ஒருங்கே தீர்க்கும். இயற்பியலுக்கு நெருக்கமானது, கணினி நேரத்தை அதிகம் விழுங்குவது.

டிஓஇ-2-இன் உள்ளமைப்பில் இன்னொரு முடிவும் பொதிந்திருந்தது. சுமை, காற்று விநியோகம், குளிரூட்டும் நிலையம், பொருளாதாரம் என நான்கு பகுதிகள் வரிசையாக இயங்கின. முதற்பகுதியின் விடை இரண்டாவதற்குச் செல்லும். இரண்டாவதன் விடை முதலாவதற்குத் திரும்பாது. பொறி போதாமல் அறை சூடேறினால், அந்தச் செய்தி முதற்பகுதியை எட்டுவதே இல்லை. இக்குறையின் விளைவு பின்னர் தெரியவரும்.

இந்த மென்பொருளுக்குக் கட்டடத்தைச் சொல்வதற்கென்றே ஒரு மொழி வகுக்கப்பட்டது. அதன் பெயரே கட்டட விவரிப்பு மொழி. சுவருக்கு ஒரு சொல், சாளரத்துக்கு ஒரு சொல், மனிதர் வந்துபோகும் நேர அட்டவணைக்கு ஒரு சொல். பயனர் சொல்லாமல் விட்டதை மென்பொருள் தானே நிரப்பிக்கொள்ளும். அவை முன்னிருப்பு மதிப்புகள். தொடரில் தோன்றாத எழுவாயைக் கேட்பவர் ஊகித்துக்கொள்வதைப் போன்றதே இது. ஊகிப்பது எந்த ஊர் வழக்கத்தை வைத்து என்பதே சிக்கல்.

அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் பல்கலைக்கழகங்கள் வேறு பாதையில் நடந்தன. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஜோ கிளார்க் 1977-இல் நிறைவு செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து இஎஸ்பி பிறந்தது. பின்னாளில் இஎஸ்பி-ஆர் என்ற பெயரோடு 2002-இல் திறமூல மென்பொருளாயிற்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சூரிய ஆற்றல் ஆய்வகம் 1975-இல் டிரான்சிஸ் என்ற நிரலை வெளியிட்டது. அதன் முதன்மை ஆசிரியர் சான்ஃபோர்ட் கிளைனும் அப்போது ஆய்வு மாணவரே. கட்டடத்தைச் சிறு சிறு உறுப்புகளாகப் பிரித்து, அவற்றைப் பயனரே கோத்துக்கொள்ளும்படி விட்டது அதன் தனித்தன்மை.

யார் சொல்வது சரி?

1980-களின் இறுதிக்குள் மென்பொருள்கள் பெருகின. ஒரே கட்டடத்தை இரண்டில் ஏற்றினால் இரண்டு விடைகள் வந்தன. எது சரி என்று தீர்ப்பது கடினம். கட்டடம் இன்னும் கட்டப்படவில்லை. கட்டியபின் அளந்தாலும் சுவரின் உண்மையான கடத்துதிறனையோ காற்றுக் கசிவையோ ஐயமற அறிய முடியாது. உண்மை என்னும் அளவுகோல் கையில் இல்லாத இடத்தில் ஒப்பீடு எப்படி நடக்கும்?

பன்னாட்டு ஆற்றல் முகமையின் கீழ் ரான் ஜட்காஃப், ஜோயல் நெய்மார்க் இருவரும் 1995-இல் வெளியிட்ட பெஸ்டெஸ்ட் என்னும் சோதனைத் தொகுதி இதற்கொரு வழி கண்டது. உலகின் மிக எளிய கட்டடத்தை அவர்கள் கற்பனை செய்தனர்: 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் கொண்ட ஒற்றை அறை. தெற்கே 12 சதுர மீட்டர் கண்ணாடி. கொலராடோ மாநிலத்தின் டென்வர் வட்டார வானிலை. அறை 20 பாகைக்குக் கீழே இறங்கினால் சூடேற்ற வேண்டும்; 27 பாகைக்கு மேலே ஏறினால் குளிரூட்ட வேண்டும். இதையே டிஓஇ-2, பிளாஸ்ட், இஎஸ்பி, டிரான்சிஸ் முதலிய மென்பொருள்களில் ஏற்றி ஓட்டினர்.

மெல்லிய சுவர்கள் கொண்ட 600-ஆம் எண் வடிவத்துக்கு ஆண்டுச் சூடேற்றல் தேவை சுமார் 4.3 மெகாவாட் மணி என்றது ஒரு மென்பொருள், சுமார் 5.7 என்றது இன்னொன்று. தீப்பெட்டி போன்ற ஓர் அறைக்கே விடைகள் மூன்றில் ஒரு பங்கு விலகி நின்றன. பின்னர் அதே அறைக்குக் கனத்த சுவர்களைக் கொடுத்து 900-ஆம் எண் வடிவமாக்கினர். இப்போது விடைகள் சுமார் 1.2-இலிருந்து 2.0 வரை அமைந்தன. எத்தனை என்பதில் மென்பொருள்கள் முரண்பட்டன. கனத்த சுவர் தேவையைப் பெரிதும் குறைக்கிறது என்பதில் ஒருமித்தன. அடுத்து வந்த சட்டங்கள் அனைத்துக்கும் அடித்தளம் இந்த உண்மையே. தனி எண்ணை நம்புவது இடர். ஒரே மென்பொருளில் ஓட்டிய இரண்டு எண்களின் விகிதத்தை நம்புவது ஓரளவு பாதுகாப்பு.

இத்தொகுதியின் இன்னொரு பயன், ஒரு நேரத்தில் ஒரேயொரு கூறை மட்டும் மாற்றியது. சாளரத்தைத் திருப்பு, நிழல் சேர், இரவில் காற்றோட்டம் விடு. எந்தப் படியில் ஒரு மென்பொருள் மற்றவற்றிலிருந்து விலகுகிறதோ, அந்தப் படியில் நிரலைத் தோண்டினால் போதும். நெடுங்காலம் உறங்கிக்கிடந்த பிழைகள் பல இப்படி வெளிப்பட்டன. 2001-இல் அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே இதை 140-ஆம் எண் தரமாக ஏற்றது.

இணைப்பும் மொழிபெயர்ப்பும்

ஒரே வரிப்பணத்தில் இரு மென்பொருள்களை வளர்ப்பது பொருளற்றது என்பதை அமெரிக்க அரசு காலம் தாழ்த்தியே உணர்ந்தது. 1996-இல் இரு மரபுகளையும் இணைக்கும் பணி தொடங்கி, 2001 ஏப்ரலில் எனர்ஜிபிளஸ் வெளிவந்தது. பிளாஸ்டின் வெப்பச் சமநிலை முறை அதன் உயிர்நாடி. டிஓஇ-2-இன் சாளர, பகலொளிக் கணிப்புகள் அதனோடு சேர்ந்தன. அறை, காற்று, பொறி மூன்றும் ஒரு மணி நேரத்தினும் சிறிய கால இடைவெளிகளில் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லி, ஒருங்கே தீர்க்கப்பட்டன. பழைய ஒருவழிப் பாதை முடிவுக்கு வந்தது. ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட இந்நிரல் 2014-இல் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு முழுமையாகப் பெயர்க்கப்பட்டது.

ஆயினும் பழையது மறையவில்லை. டிஓஇ-2-இன் வழித்தோன்றலான ஈக்வெஸ்ட் இலவசமாகவும் விரைவாகவும் இயங்கியதால் ஆலோசனை நிறுவனங்கள் அதை விடவில்லை. எனர்ஜிபிளஸின் உள்ளீட்டுக் கோப்பு வெறும் உரைநடை. அதற்கு முகம் தர டிசைன்பில்டர், ஓப்பன்ஸ்டுடியோ போன்றவை வந்தன.

2005-இல் டுரூரி கிராலி, ஜான் ஹேண்ட், மிக்காயேல் கும்மர்ட், பிரென்ட் கிரிஃபித் நால்வரும் 20 மென்பொருள்களின் திறன்களை அட்டவணைகளில் அருகருகே வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். இத்துறையில் இன்றும் பெரிதும் எடுத்தாளப்படும் ஒப்பீடு இது. தகவல்களைத் தந்தவர்கள் அந்தந்த மென்பொருள்களை உருவாக்கியவர்களே. தொகுத்து முடித்தபோது தொகுப்பாளர்கள் ஓர் அடிப்படைக் குறையை ஒப்புக்கொள்ள நேர்ந்தது: முதிர்ந்த மென்பொருள்களிடையேகூடத் தத்தம் திறன்களைச் சொல்வதற்கு ஒரு பொதுமொழி இல்லை. ஒருவர் 'உண்டு' என்று குறித்ததும் இன்னொருவர் 'உண்டு' என்று குறித்ததும் ஒரே பொருளைச் சுட்டவில்லை. முப்பது ஆண்டுகள் வளர்ந்த துறை தன் சொற்களுக்கு வரையறை எழுத மறந்திருந்தது.

பின்னர் பெர்க்லி ஆய்வகமும் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகமும் சேர்ந்து டிஓஇ-2, எனர்ஜிபிளஸ், சீனத்தின் டெஸ்ட் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டன. எளிய சோதனைகளில் மூன்றும் நெருங்கியே நின்றன. அடுத்தடுத்த அறைகளின் வெப்பநிலை பெரிதும் வேறுபடும்போது டிஓஇ-2-இன் பழைய எல்லை வெளிப்பட்டது. அதைவிட முக்கியமான பாடம்: விடைகளில் காணும் வேறுபாட்டில் பெரும்பகுதி உள்ளீடுகளையும் முன்னிருப்பு மதிப்புகளையும் சமப்படுத்தினால் கரைந்துவிடுகிறது.

இந்தியாவின் வருகை

இந்தியா இக்கதைக்குள் சட்டத்தின் வழியே நுழைந்தது. ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. ஆற்றல் திறன் பணியகம் 2007-இல் வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பை வெளியிட்டது. 2017-இல் அது திருத்தி எழுதப்பட்டது. 100 கிலோவாட் அல்லது அதற்கு மேற்பட்ட மின் இணைப்புச் சுமையுள்ள அலுவலகங்கள் போன்றவை அதன் வரம்புக்குள் வருகின்றன. விதிகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றலாம். அல்லது முழுக் கட்டடத்தையும் ஒப்புருவாக்கிக் காட்டலாம். இரண்டாம் வழியில், உத்தேசக் கட்டடமும் விதிப்படியான மாதிரிக் கட்டடமும் ஒரே மென்பொருளில் 8,760 மணி நேரம் ஓட்டப்படும். முதலாவதன் செலவு இரண்டாவதை மிஞ்சாவிட்டால் ஒப்புதல். பெஸ்டெஸ்ட் கற்பித்த விகிதப் பாடம் இங்கே சட்டமாயிற்று. மென்பொருள் ஆஷ்ரே 140-இன் சோதனைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதும் விதி.

ஆனால் விகிதம் காப்பாற்றும் எல்லைக்கு ஒரு கரை உண்டு. மென்பொருளின் மொழியில் சொல்லவே முடியாத ஒன்றை விகிதத்தாலும் காட்ட முடியாது. ஹைதராபாத்தின் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் எழுப்பிய அலுவலகம் இதற்கு நல்ல சான்று. சுமார் 2,50,000 சதுர அடிக் கட்டடத்தைச் சமமாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் செம்மையாக வடிவமைத்த வழக்கமான காற்றுவழிக் குளிர்சாதனத்தையும், மறுபாதிக்குக் கான்கிரீட் தளத்துக்குள் குளிர்நீர்க் குழாய் பதித்த கதிர்வீச்சுக் குளிரூட்டலையும் அமைத்தனர். முதல் ஈராண்டு அளவீட்டில் இரண்டாம் பாதி 34 விழுக்காடு குறைவான ஆற்றலையே செலவிட்டது. இத்தகைய கட்டடத்தில் தளம் என்பது வெப்பச் சுமையும் ஆகிறது, குளிரூட்டும் கருவியும் ஆகிறது. சுமையை முதலில் முடித்துவிட்டுக் கருவிக்குச் செல்லும் ஒருவழி மென்பொருளுக்கு அதை உண்மையாக விவரிக்கும் வாக்கியமே இல்லை. அலுவலகம் எந்த மென்பொருளை வைத்திருக்கிறது என்பதே எந்தக் கட்டடம் மேசைக்கு வரும் என்பதைத் தீர்மானித்துவிடக் கூடும்.

மனிதர்களைப் பற்றிய முன்னிருப்புகளும் இப்படியே. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களில் 16 அலுவலகக் கட்டடங்களில் மூன்று பருவங்களிலும் ஊழியர்களைக் கேட்டு 6,330 விடைகளைத் திரட்டியது. அயல்நாட்டு அளவுகோல்கள் எதிர்பார்த்ததைவிட அகன்ற வெப்பநிலை வரம்பில் இந்திய அலுவலர்கள் இசைந்திருக்கின்றனர் என்பது முடிவு. மின்விசிறிக்கும் திறந்த சாளரத்துக்கும் பழகிய உடல்களுக்கு ஆண்டு முழுவதும் ஒரே குளிரை முன்னிருப்பாக எழுதும் கோப்பு, முதல் வரியிலேயே மிகையாகச் செலவிடத் தொடங்குகிறது. இந்த ஆய்வின் வழிப் பிறந்த இந்தியத் தகவமைப்பு மாதிரி 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது.

வானிலைக் கோப்பிலும் ஒரு மௌனம் உண்டு. அது பல்லாண்டுத் தரவுகளிலிருந்து இயல்பான மாதங்களைப் பொறுக்கி ஒட்டிய ஆண்டு. அதனாலேயே கடும் வெயில் அலைகள் அதற்கு வெளியே நிற்கின்றன.

எண்ணும் கட்டடமும்

கணித்ததும் நடந்ததும் எவ்வளவு ஒத்தன? அமெரிக்காவில் 2008-இல் லீட் சான்று பெற்ற 121 கட்டடங்களின் மின்கட்டணங்களைக் கணிப்புகளோடு ஒப்பிட்டனர். மொத்தச் சராசரி நன்றாகவே பொருந்தியது. தனித்தனியே பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்ட கட்டடங்கள் கணிப்பிலிருந்து 25 விழுக்காட்டுக்கு மேல் விலகியிருந்தன. சில குறைவாக, சில கூடுதலாக. மென்பொருள் கூட்டத்தைப் பற்றி உண்மை சொன்னது, தனி ஆளைப் பற்றித் தடுமாறியது.

இதில் வியப்பில்லை. எத்தனை மணிக்கு ஊழியர் வருவர், எந்த விளக்கு இரவிலும் எரியும், எந்தத் தெர்மோஸ்டாட்டை யார் திருகுவர் என்பவை எந்தச் சமன்பாட்டிலிருந்தும் பிறப்பவை அல்ல. ஒருவர் விவரித்தால்தான் மென்பொருளுக்குத் தெரியும். விவரிக்காவிட்டால், எப்போதோ வேறொரு நாட்டில் வேறொருவர் எழுதிவைத்த விடையை அது எடுத்துக்கொள்ளும். ஐம்பது ஆண்டுகளின் ஒப்பீடுகள் தந்த பயன், எந்த மென்பொருள் சிறந்தது என்ற தரவரிசை அன்று. விடையைப் படிக்குமுன் உள்ளீட்டைப் படிக்க வேண்டும் என்ற ஒழுக்கமே. ஒப்புதலுக்கு வரும் அறிக்கையோடு அதன் உள்ளீட்டுக் கோப்பும், கட்டி முடித்த ஈராண்டுகளின் மின்கட்டணமும் பொதுவில் வைக்கப்படுமானால், அடுத்த கட்டடத்தின் கணிப்பு இந்தக் கட்டடத்திடமிருந்து கற்றுக்கொள்ளும்.

1973-இன் அந்த வெள்ளிக்கிழமை ரோசன்ஃபெல்டிடம் மென்பொருள் எதுவும் இல்லை. பெருக்கல் கணக்கு ஒன்று இருந்தது. பிறகு அலமாரியை நகர்த்திச் சுவிட்சைத் தேடும் பொறுமை இருந்தது. கணக்கு இன்று எத்தனையோ மடங்கு வளர்ந்துவிட்டது. அலமாரியை நகர்த்திப் பார்க்கும் வேலை அப்படியே இருக்கிறது.